எவ்வளவு தாமதம் தாங்கும்?

சர்வோ மோட்டார் என்று ஒன்று உண்டு. ரிமோட் காரின் சக்கரத்தைத் திருப்புவதற்கும் பொம்மை ரோபோவின் கையைத் தூக்குவதற்கும் பயன்படும் தீப்பெட்டி அளவு மோட்டார். ‘இத்தனை டிகிரியில் நில்’ என்றால் போய் நிற்கும். இதை அர்டுயினோ ஊனோ போர்டில் இணைத்தால் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஊனோவில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைச் சில்லு. ரேம் வெறும் 2 கிலோபைட்.

அதே மோட்டாரைக் கழற்றி ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவில் மாட்டுங்கள். 1 ஜிகாஹெர்ட்ஸ், நான்கு கோர், 512 மெகாபைட் ரேம், மேலே முழு லினக்ஸ். பைத்தானில் பத்து வரி எழுதி ஓட்டினால் மோட்டாரின் கை வெடவெடவென்று நடுங்குகிறது. கூடவே ஒரு பெரிய கோப்பைத் தரவிறக்கினால் நடுக்கம் கூடுகிறது.

கடிகார வேகத்தில் 60 மடங்கு பெரிய கணினி, குழந்தைகள் பழகும் சில்லிடம் ஏன் தோற்க வேண்டும்? வன்பொருள் வேலைக்குச் சின்ன லினக்ஸ் போர்டு வாங்க நினைப்பவர் கடையின் விவரப் பட்டியலைப் பார்க்கும் முன் இதற்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. பட்டியலில் கோர், ரேம், வைஃபை எல்லாம் இருக்கும். இந்த விடை மட்டும் இருக்காது.

சர்வோவுக்கு நாம் கட்டளையிடுவது எண்களால் அல்ல, நேரத்தால். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதன் கம்பியில் ஒரு மின்துடிப்பு போக வேண்டும். துடிப்பு 1 மில்லி விநாடி நீடித்தால் கை ஒரு கோடிக்குப் போகும். 2 மில்லி விநாடி நீடித்தால் மறு கோடிக்கு. இடையிலுள்ள 1,000 மைக்ரோ விநாடிதான் ஏறக்குறைய 90 டிகிரி வீச்சைத் தீர்மானிக்கிறது. அதாவது 11 மைக்ரோ விநாடிக்கு ஒரு டிகிரி. துடிப்பை அணைக்க வேண்டிய நிரல் 100 மைக்ரோ விநாடி பிந்திவிட்டால் கை 9 டிகிரி தள்ளிப் போகும். அடுத்த துடிப்பு சரியாக வந்தால் திரும்பி வரும். நாம் பார்க்கும் நடுக்கம் இதுதான்.

மோட்டாரின் கோளாறாக இருக்கக்கூடாதா, மின்சாரம் போதாமல் இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம், சர்வோ நடுக்கத்துக்கு மின்சாரக் குறைவும் அடிக்கடி காரணமாகும். நேரத்தை மட்டும் பிரித்துப் பார்க்க இன்னும் நல்ல சாட்சி டிஹெச்டி22 என்ற வெப்ப, ஈரப்பத உணரி. அது ஒரே கம்பியில் 40 பிட் அனுப்புகிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் முன்னால் கம்பி 50 மைக்ரோ விநாடி தாழ்ந்திருக்கும், பிறகு உயரும். உயர்ந்த நிலை சுமார் 27 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 0, சுமார் 70 நீடித்தால் 1. கடைசி 8 பிட்டுகள் சரிபார்ப்புத் தொகை: முதல் நான்கு பைட்டுகளைக் கூட்டி வரும் எண்ணின் கடைசி 8 பிட்டோடு அவை ஒத்துப்போக வேண்டும். ஒரு பிட்டைத் தவறாகப் படித்தாலும் கணக்கு இடித்துவிடும்.

இதனால் யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. ஒரே உணரியை ஊனோவிலும் லினக்ஸ் போர்டிலும் மாற்றி மாற்றி ஓட்டி, எத்தனை முறை கணக்கு இடிக்கிறது என்று எண்ணினால் போதும். லினக்ஸில் எளிய பைத்தான் நிரலால் படித்தால் தோல்விகள் வரும். போர்டுக்கு வேறு வேலைகளை ஏற்றினால் அவை பெருகும். உணரியும் கம்பியும் மின்சாரமும் மாறவில்லை. போர்டின் கவனம்தான் மாறியிருக்கிறது.

அந்தக் கவனம் எப்படிச் சிதறுகிறது? வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கிறார். அடுப்பில் பால். கூடவே மாவாட்டுகிறார், வாசலில் காய்கறிக்காரருக்குப் பதில் சொல்கிறார், போன் எடுக்கிறார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாலை எட்டிப் பார்க்கிறார். சராசரியாகப் பார்த்தால் பிழையே சொல்ல முடியாது. ஆனால் வாசலில் பேச்சு இரண்டு நிமிடம் நீண்ட அந்த ஒரு தடவை பால் பொங்கி வழிந்துவிடும். பாலுக்குச் சராசரியைப் பற்றிக் கவலையில்லை. அடுப்பெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேறெதுவும் செய்யாத சின்னப் பையன் இந்த ஒரு வேலையில் அவரைவிடத் திறமைசாலி.

அந்தப் பையன்தான் ஊனோவிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். அதில் இயங்குதளம் கிடையாது. நீங்கள் எழுதிய ஒரே நிரல் முதல் வரியிலிருந்து ஓடும். ஒவ்வொரு ஆணைக்கும் எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்று கையேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். லினக்ஸோ பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தப் பிறந்தது. அதன் கருப்பகுதியான கெர்னலுக்குள் ஷெட்யூலர் என்ற முறை வகுப்பான் இருக்கிறது. யார் எப்போது, எவ்வளவு நேரம் சில்லைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கையில். 2007இல் கெர்னலில் சேர்ந்த ஷெட்யூலரின் பெயரிலேயே ‘முற்றிலும் நியாயமான’ என்ற அடைமொழி இருந்தது. 2023இல் அதன் இடத்துக்கு வந்த முறையும் நியாயத்தை விட்டுவிடவில்லை. காத்திருக்கும் எல்லோருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. இணைய சர்வருக்கும் மேசைக் கணினிக்கும் அதுவே உயிர். சர்வோ மோட்டார் பங்கு கேட்கவில்லை. குறித்த மைக்ரோ விநாடியில் ஆள் வர வேண்டும் என்கிறது.

ஷெட்யூலர் மட்டும் காரணமல்ல. வைஃபையில் தரவு வந்தால் சில்லு கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதைக் கவனிக்கிறது. நினைவகத்தில் வேண்டிய பக்கம் இல்லையென்றால் எஸ்டி கார்டுக்குப் போய் எடுத்து வர வேண்டும். சூடு ஏறினால் கடிகார வேகம் தானாகக் குறையும். நான்கு கோர் இருக்கிறதே, ஒன்றை மோட்டாருக்கே ஒதுக்கினால் என்ன? ஒதுக்கலாம், நன்றாகவே உதவும். ஆனாலும் நினைவகத்துக்குப் போகும் பாதை நால்வருக்கும் பொது.

தாமதத்தை அளக்க சைக்ளிக்டெஸ்ட் என்ற இலவச நிரல் இருக்கிறது. அது கெர்னலிடம், ‘என்னை இன்ன நேரத்தில் எழுப்பு’ என்று சொல்லிவிட்டுத் தூங்கும். எழுந்ததும் கடிகாரம் பார்த்து எவ்வளவு பிந்தியது என்று குறித்துக்கொள்ளும். இதையே லட்சக்கணக்கான முறை செய்யும். திரையில் நாலு எண்கள் ஓடும்: குறைந்தபட்சம், இப்போதையது, சராசரி, அதிகபட்சம். முதல் மூன்றும் கண்ணுக்கு இனிமையாக இருக்கும். பார்க்க வேண்டியது நாலாவதை. சுமையில்லாத போர்டில் சராசரி சில பத்து மைக்ரோ விநாடிக்குள் நின்றாலும், சுமை ஏறியதும் அதிகபட்சம் பல நூறைத் தொடலாம். அதுவும் ஐந்து நிமிடத்தில் தெரியாது; இரவு முழுக்க ஓடவிட்டால்தான் அகப்படும்.

தன்னைத் தானே அளக்கும் நிரலை எவ்வளவு நம்புவது என்பவர்களுக்கு, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் இருக்கிறது. போர்டில் கம்பி மாட்டும் முனையான பின் ஒன்றை சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கச் சொல்லி, அலையைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால் ஊனோவின் கோடு கூர்மையாக நிற்கும். லினக்ஸின் கோடு பக்கவாட்டில் பட்டையாகப் பரவும். அந்தப் பட்டையின் அகலம்தான் நேரத் தடுமாற்றம். ஆசிலாஸ்கோப் வாங்க வசதியில்லாதவர்களுக்கு சில நூறு ரூபாய் லாஜிக் அனலைசரே இந்த வேலைக்குப் போதும்.

ஆக, போர்டு தேர்வின் முதல் கேள்வி ‘எவ்வளவு வேகம்’ அல்ல, ‘என் வேலை எவ்வளவு தாமதம் தாங்கும்’. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கொரு முறை பதிவுசெய்ய வேண்டுமா? ஒரு விநாடி பிந்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்த மட்டத்தை அளக்கும் ஒலி உணரியில் எதிரொலி திரும்பும் நேரத்தை உங்கள் நிரலே எண்ணுகிறது என்றால், 58 மைக்ரோ விநாடிப் பிழை ஒரு செண்டிமீட்டர் பிழையாகிவிடும். ஒரே திட்டத்துக்குள் இரண்டு விதமான அவசரங்கள்.

இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகளில் விடை தேடியிருக்கிறார்கள். முதலாவது, லினக்ஸையே நேரந்தவறாமை பழக்குவது. ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்ற இந்த முயற்சி 20 ஆண்டுகளாகக் கெர்னலுக்கு வெளியே ஒட்டுத் துணியாக இருந்து, 2024இல் 6.12ஆம் பதிப்பில்தான் மூலக் கெர்னலுக்குள் வந்தது. அவசர வேலை வந்தால் கெர்னல் தன் சொந்த வேலையையும் நிறுத்திவிட்டு வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம். கடைசிவரை முட்டுக்கட்டையாக நின்றது எது தெரியுமா? கெர்னல் திரையில் செய்தி அச்சிடும் சாதாரண வேலை. இந்த வழியால் மோசமான தாமதம் வெகுவாகக் குறையும். பல தொழிற்சாலை இயந்திரங்களுக்கு அது போதும். டிஹெச்டி22இன் 27க்கும் 70க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஒரு சின்ன போர்டில் நிரலாலேயே பிசகாமல் பிடிக்க அதை நம்பி நான் இறங்க மாட்டேன்.

இரண்டாவது வழி, லினக்ஸ் ஓடும் சில்லுக்குள்ளேயே வேறொரு சின்ன இயந்திரத்திடம் வேலையை விடுவது. ராஸ்பெர்ரி பையில் மின்துடிப்புக்கென்றே தனி வன்பொருள் வழிகள் உண்டு. நீளத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் கெர்னல் தூங்கினாலும் துடிப்பு பிசகாது. நம் நடுங்கும் சர்வோவுக்கு இதுவே மருந்து. பிக்பியோ என்ற நிரல்தொகுப்பு இன்னும் சாமர்த்தியமானது. நினைவகத்திலிருந்து தரவைத் தானே நகர்த்தும் வன்பொருளைக் கொண்டு எல்லாப் பின்களிலும் சில மைக்ரோ விநாடித் துல்லியத்தை அது வரவழைத்தது. 2023இல் வந்த பை 5இல் பின்கள் எல்லாம் ஆர்பி1 என்ற தனிச் சில்லுக்கு இடம்பெயர்ந்ததும் இந்தத் தந்திரம் செல்லாமல் போயிற்று. பழைய திட்டத்தைப் புது போர்டுக்கு அப்படியே மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது பீகிள்போன் பிளாக். 2013இல் 45 டாலருக்கு வந்தது. 1 ஜிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், 512 மெகாபைட். விவரப் பட்டியலில் அப்போதே சுமாரான மாணவன். ஆனால் அதன் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுக்குள் பி.ஆர்.யு. என்ற இரண்டு குட்டிச் செயலிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 200 மெகாஹெர்ட்ஸ், பெரும்பாலான ஆணைகளுக்குத் தலா 5 நானோ விநாடி. லினக்ஸ் எவ்வளவு திணறினாலும் இவற்றுக்கு அது தெரியவே தெரியாது. ராஸ்பெர்ரி பைகளில் இல்லாத இன்னொன்றும் அதில் உண்டு: மின்னழுத்தத்தை நேரடியாக அளக்கும் ஏழு அனலாக் உள்ளீடுகள். 1.8 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பையிலோ டிஜிட்டல் பின்களுக்கே 3.3 வோல்ட்தான் எல்லை; மேலே சொன்ன ஒலி உணரியின் 5 வோல்ட்டை நேரே கொடுத்து போர்டைப் பலிகொடுத்தவர்கள் ஏராளம். பி.ஆர்.யு.வின் குறை, அதற்கு நிரல் எழுதக் கற்பதே தனிப் படிப்பு.

மூன்றாவது வழி எளிமையானது, பெரும்பாலோருக்குப் பொருந்துவது. லினக்ஸ் போர்டு ஒன்று, மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, நடுவில் ஒரு யுஎஸ்பி கேபிள். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிகோ இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பெயரில் பை இருந்தாலும் அதில் லினக்ஸ் ஓடாது. 264 கிலோபைட் ரேமில் ஓடவும் முடியாது. பின்களை மட்டும் கவனிக்கும் எட்டுக் குட்டி இயந்திரங்கள் அதற்குள் உண்டு.

இரண்டையும் எப்படிப் பேசவிடுவது என்பதில்தான் சூட்சுமம். ‘இப்போது திருப்பு’ என்று லினக்ஸ் கேபிள் வழியே கூவினால் அதன் தாமதம் அப்படியே மறுபுறம் போய்ச் சேரும். முப்பரிமாண அச்சுப்பொறிகளுக்காக கெவின் ஓ’கானர் உருவாக்கிய கிளிப்பர் மென்பொருள் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற போர்டு, அச்சுத்தலை எங்கே எப்போது இருக்க வேண்டும் என்ற கனமான கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுகிறது. பிறகு, ‘உன் கடிகாரம் இந்த எண்ணைக் காட்டும்போது மோட்டாரை ஒரு படி நகர்த்து’ என்ற பட்டியலை மைக்ரோகண்ட்ரோலருக்கு அனுப்புகிறது. இந்தப் பட்டியல் ஒரு கடிதம் மாதிரி. அது சற்று முன்பின்னாக வந்தால் பரவாயில்லை. குறித்த நேரத்துக்கு முன் வந்தால் சரி. இரண்டு கடிகாரங்களும் சற்றே வெவ்வேறு வேகத்தில் ஓடும் என்பதால் லினக்ஸ் பக்கம் அந்த வித்தியாசத்தை இடைவிடாமல் கணித்துத் திருத்துகிறது. ஒவ்வொரு படியும் 25 மைக்ரோ விநாடிக்குள் துல்லியமாக விழும் என்கிறது அதன் ஆவணம். லினக்ஸ் அளவுமீறித் திணறி, கடிதம் நேரம் கடந்து வந்தால்? ‘டைமர் டூ க்ளோஸ்’ என்ற பிழையோடு அச்சு நின்றுவிடும். கோணலாக அச்சிடுவதைவிட அது மேல்.

இந்த வேலைப் பிரிவினை செவ்வாய்க் கோள் வரை போயிருக்கிறது. 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே முதன்முதலாகப் பறந்த 1.8 கிலோ ஹெலிகாப்டரான இன்ஜெனுயிட்டிக்குள் இருந்தது கைப்பேசிகளில் வந்த ஸ்னாப்டிராகன் 801 சில்லு, அதில் லினக்ஸ். தரையைப் பார்க்கும் கேமராவின் படங்களை விநாடிக்கு 30 வீதம் ஆராய்ந்து, எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று கணிப்பது அதன் வேலை. விநாடிக்கு 500 முறை ஓட வேண்டிய பறப்புக் கட்டுப்பாட்டை நாசா அதனிடம் விடவில்லை. கார்களின் பாதுகாப்பு அமைப்புகளுக்காகச் செய்யப்படும் வகையைச் சேர்ந்த மைக்ரோகண்ட்ரோலர்களிடம் ஒப்படைத்தது.

மே 22 அன்று நடந்த ஆறாவது பறப்பில் ஒரு சம்பவம். 54ஆம் விநாடி வாக்கில் கேமராப் படம் ஒன்று தொலைந்தது. அதோடு போயிருந்தால் கவலையில்லை. அதற்குப் பின் வந்த படங்கள் எல்லாவற்றிலும் நேரமுத்திரை தவறாக விழுந்தது. ‘இந்த நேரத்தில் இங்கே இருக்க வேண்டும்’ என்ற கணிப்பும் படம் காட்டும் இடமும் ஒத்துப்போகாததால், ஹெலிகாப்டர் இல்லாத பிழையைத் திருத்த முயன்று 20 டிகிரிக்கும் மேலாக முன்னும் பின்னும் சாய்ந்தாடியது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பக் கூடாது என்று பொறியாளர்கள் முன்பே முடிவு செய்திருந்ததால், குறித்த இடத்துக்கு 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. தாமதமாக வரும் தகவலைச் சமாளிக்கலாம், எப்போது எடுத்தது என்பது சரியாகத் தெரிந்தால். இன்ஜெனுயிட்டி மொத்தம் 72 முறை பறந்தது.

போர்டு செய்பவர்களும் இந்த வேலைப் பிரிவினையின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். மில்க்-வி டுவோ என்ற மலிவான குட்டி போர்டின் சில்லில் இரண்டு கோர். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் நேரந்தவறாத சிறு இயங்குதளம். 2025இல் அறிவிக்கப்பட்ட அர்டுயினோ ஊனோ க்யூவில் லினக்ஸ் ஓடும் குவால்காம் சில்லும் தனி மைக்ரோகண்ட்ரோலரும் ஒரே போர்டில் உட்கார்ந்திருக்கின்றன.

நேரம் தவிர வேறு கணக்குகளும் உண்டு. அவை எளிதானவை, அதனாலேயே மறந்துபோகிறவை. முதலில் மின்சாரம். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. 3 வாட் குடிக்கும் போர்டை அது அரை நாள் தாங்கினால் அதிகம். தோட்டத்தில் பேட்டரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய கருவிக்கு லினக்ஸே வேண்டாம். தூங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுக்கும் இஎஸ்பி32 போன்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலர் போதும். அடுத்து எஸ்டி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு குழம்பி, மறுமுறை போர்டு எழாமல் போகலாம். ராஸ்பெர்ரி பையில் கார்டை வாசிக்க மட்டும் திறக்கும் அமைப்பு உண்டு. ஆளில்லா இடத்தில் வைக்கிறவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இணையமில்லாத இடம் என்றால் மின்தடைக்குப் பிறகு நேரமும் மறந்துபோகும். பை 5க்கு முந்தைய பைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. தனியே வாங்கி மாட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது மென்பொருளின் ஆயுளைப் பற்றி. பாதி விலையில் இரட்டிப்பு வேகம் என்று வரும் போர்டுகள் பலவற்றில், சில்லு தயாரித்தவர் எப்போதோ பிரித்தெடுத்த பழைய கெர்னல் ஒன்றே ஓடும். அதற்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் தளத்தில் இயங்குதளக் கோப்பின் தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் விலைக் குறைவின் காரணம் புரிந்துவிடும். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பைக்கு 10 ஆண்டு தாண்டியும் புதிய இயங்குதளப் பதிப்பு வந்தது. விவரப் பட்டியலில் இதற்கென்று கட்டமில்லை.

என்னைக் கேட்டால் கேமராவோ இணையமோ தேவைப்படும் திட்டத்துக்கு ஒரு பை ஜீரோ 2 டபிள்யூவும் ஒரு பிகோவும் வாங்கச் சொல்வேன். பி.ஆர்.யு. படிக்கப் பொறுமையுள்ளவருக்கு பீகிள்போன். லினக்ஸ் போர்டு ஒன்றே போதும் என்று தோன்றினால், உங்கள் நிரல் ஓடும்போதே சைக்ளிக்டெஸ்டையும் ஓட்டி, வைஃபையில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கவிட்டு, இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் நாலாவது எண்ணைப் பாருங்கள். அது உங்கள் வேலை தாங்கும் தாமதத்துக்குள் இருந்தால் பிகோவுக்கான காசு மிச்சம்.